கூத்தம்பலத்தில் நங்கியார்

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் ஒரு கூத்து வருகிறது. வடநாட்டிலிருந்து வெற்றியோடு மீண்ட சேரன் செங்குட்டுவன், தன் தேவி வேண்மாளோடு நிலா முற்றத்தில் வீற்றிருக்கின்றான். அப்பொழுது பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையன் ஒருவன் அவர்கள்முன் வந்து, உமையைத் தன் பாகத்தே கொண்ட இறைவன் ஆடிய கொட்டிச்சேதம் என்னும் கூத்தை ஆடிக் காட்டுகின்றான். ஆடுபவன் ஒருவனே. ஆயினும் அவன் உடலின் ஒரு பாதி சிவபெருமானாக நின்று, சிலம்பும் பறையும் ஒலிக்க, கண் ஆயிரம் குறிப்புகளைப் பேச, சடை திசையெல்லாம் பரந்து ஆடுகிறது. மறு பாதி உமையாக நின்று, வளை அசையாமல், மேகலை ஒலியாமல், கூந்தல் அவிழாமல் அமைதியாக இருக்கிறது. ஓருடலில் இவ்விரண்டையும் காட்டிய கூத்தனை மன்னன் பாராட்டுகின்றான்.

நேயர்களே, இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் கூத்தனுடைய திறமையை வியவாதவர் இல்லை. நானும் வியந்திருக்கின்றேன். ஆனால் பின்னாளில் கேரள நாட்டுக் கோயில் ஒன்றில் ஓர் இரவு கூத்துப் பார்க்க நேர்ந்தது முதல், இக்காட்சியை நான் வேறொரு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். ஆடும் பாதியை விட்டு, ஆடாத பாதியையே என் மனம் நாடிச் சென்றது. அந்தப் பாதியின் வரலாற்றையே இன்று உங்களிடம் கூற விழைகிறேன்.

ஆண்டுகள் பலவாயின. மத்திய கேரளத்துக் கோயில் ஒன்றின் கூத்தம்பலத்திற்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். கூத்தம்பலம் என்பது கோயில் மதிலுக்குள்ளேயே கூத்துக்கென்று தனியாகக் கட்டப்பெறும் மண்டபம். திருச்சூர் வடக்குந்நாதர் கோயிலிலும், இரிஞ்ஞாலக்குடைக் கூடல்மாணிக்கம் கோயிலிலும், குருவாயூரிலும் இத்தகைய மண்டபங்களை இன்றும் காணலாம். உயர்ந்து சரிந்த கூரை, செதுக்கிய தூண்கள், நடுவே மேடை, மேடையின் முன் ஆளுயர வெண்கல விளக்கு. விளக்கில் மூன்று திரிகள் எரிந்தன. இரண்டு திரிகள் நடிகனை நோக்கியவை. ஒன்று பார்ப்போரை நோக்கியது. மேடையின் பின்புறத்தில், மரச்சட்டத்துள் பொருத்திய பெரிய செப்புக் குடங்கள் போன்ற மிழாவுகளை இருவர் கைகளால் முழக்கினர். நம் பழைய நூல்கள் கூறும் குடமுழவை அவை நினைவூட்டின.

அன்று நடந்தது சக்திபத்திரர் இயற்றிய ‘ஆச்சரிய சூடாமணி’ என்னும் வடமொழி நாடகத்தின் ஆறாம் அங்கம். அங்குலீயாங்கம் என்பது அதன் பெயர். இலங்கை சென்ற அனுமன் இராமபிரானின் கணையாழியைச் சீதையிடம் சேர்க்கும் கதை. அரங்கில் அனுமனாக வந்த சாக்கியார், தம் விழிகளாலும் விரல்களாலும் கடலைக் காட்டினார். அசோக வனத்தைக் காட்டினார். எதிரே சீதை அமர்ந்திருப்பதாகப் பாவித்து, இல்லாத கையில் கணையாழியை வைத்தார். கதையின் உயிர்நிலையே சீதைதான். ஆனால் சீதை மேடைக்கு வரவில்லை. அங்குலீயாங்கத்தில் மேடைக்கு வரும் பாத்திரம் அனுமன் ஒருவனே.

ஆயினும் மேடையில் ஒரு பெண் இருந்தார். மிழாவுக்கு அருகே விரித்த துணியில், வெள்ளாடை உடுத்திய மூதாட்டி ஒருவர் அமர்ந்து, கையிலிருந்த குழித்தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். கண்களை அங்குமிங்கும் திருப்பவில்லை. இடையிடையே சுலோகங்களை மெல்லிய குரலில் ஓதினார். நள்ளிரவு கடந்தும் அந்தத் தாளம் ஓயவில்லை. நான் நண்பரிடம், “அந்த அம்மையார் யார்?” என்று கேட்டேன். அவர் அரங்கிலிருந்து விழி எடுக்காமலே, “அவர் நங்கியார், தாளம் போடுபவர்” என்றார். அவ்வளவுதான் விடை. அவரும் நானும் மறுபடியும் அனுமனையே பார்த்தோம்.

அந்த விடை போதாது என்பதைப் பிற்காலத்தில் படித்தும் கேட்டும் அறிந்தேன்.

இக்கலைக்குக் கூடியாட்டம் என்று பெயர். தமிழ் அறிந்தவர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பலர் கூடி ஆடுவது கூடியாட்டம். ஒருவரே ஆடுவது கூத்து. வடமொழி நாடகங்களை நடிக்கும் மரபுகளுள் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்து வருவது இது ஒன்றே என்பர். பாசனுடைய நாடகங்களும், சக்திபத்திரருடைய நாடகமும், சேர மன்னன் குலசேகர வர்மன் இயற்றிய ‘தபதீ சம்வரணம்’, ‘சுபத்திரா தனஞ்சயம்’ என்னும் நாடகங்களும் இவ்வரங்கில் நடிக்கப் பெறுவன. ஒரு நாடகம் முழுவதையும் ஒரே இரவில் நடிப்பதில்லை. ஓர் அங்கத்தையே பல இரவுகள் விரித்து ஆடுவர். முதலில் பாத்திரம் அரங்கில் நுழையும் புறப்பாடு. அடுத்துத் தன் முன்கதையைத் தனியே நின்று அபிநயித்துக் காட்டும் நிர்வஹணம். இறுதியிலேதான் பாத்திரங்கள் ஒன்றுசேரும் கூடியாட்டம்.

இதனை நடத்தும் உரிமை மூன்று தொகுதியாரிடம் இருந்தது. ஆண் வேடம் புனைபவர் சாக்கியார். மிழாவு முழக்குபவர் நம்பியார். நம்பியார் குடிப் பெண்களே நங்கியார். நங்கை என்னும் நம் சொல்லே உயர்வு ஈறு பெற்று நங்கியார் என நின்றது எனலாம். நாடகம் தொடங்குமுன் நம்பியார் கதையை நாட்டு மொழியில் சுருக்கிச் சொல்வார். அவ்வுரைக்கு இன்றும் ‘நம்பியார் தமிழ்’ என்றே பெயர். இன்று அது மலையாளமே. பெயரில் மட்டும் பழைய உறவு தங்கியிருக்கிறது.

சாக்கையரின் கூத்து ஒரு காலத்தில் சோழ நாட்டுக் கோயில்களிலும் ஆடப்பெற்றது. அரியலூர்ப் பகுதியிலுள்ள காமரசவல்லிக் கோயிலில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சாக்கைக் கூத்து ஆடியவனுக்கு நிலம் அளித்த செய்தியைத் தெரிவிக்கின்றது. ஆகவே சிலப்பதிகாரத்துச் சாக்கையனைக் கேரளத்துச் சாக்கியாரோடு இணைத்துப் பேசும் அறிஞர்களின் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் அக்கூத்து மறைந்தது; மலைக்கு மேற்கே அது தங்கி வாழ்ந்தது.

இனி, நங்கியாரின் பணிகளைக் காண்போம். அவை மூன்று. முதலாவது, நான் கண்ட மூதாட்டி செய்த பணி. கூத்து எத்தனை நாழிகை நீண்டாலும் குழித்தாளத்தால் காலத்தைக் காத்தல். இரண்டாவது, வாய்ப்பணி. கூத்துக்கு முன்னர் நிகழும் சடங்கில், தெய்வங்களைப் போற்றும் பாடல்களைப் பாடுதல். அபிநயம் நடக்கும்போது உரிய சுலோகத்தை உரிய இடத்தில் ஓதுதல். மூன்றாவது, பெண் பாத்திரங்களை ஏற்று நடித்தல். சுபத்திரையாகவும், சேடியாகவும் நங்கியாரே வருவார். சூர்ப்பணகையின் கதையில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. இராமனை மயக்க வரும் எழில் வடிவத்தை லலிதை என்ற பெயரில் நங்கியார் நடிப்பார். மூக்கும் முலையும் அறுபட்டுக் குருதி ஒழுக வரும் அரக்கி வடிவத்தைச் சாக்கியார் நடிப்பார்.

இதன் அருமையை உணர, அதே நாட்டின் பிற கலைகளை நோக்க வேண்டும். கள்ளிக்கோட்டைச் சாமூதிரி மானவேதர் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த கிருஷ்ணனாட்டத்தில் யசோதையும் ராதையும் ஆண்களே. கதகளியில் தமயந்தியும் திரௌபதியும் நெடுங்காலம் ஆண்களே. பெண்கள் மட்டுமே கொண்ட கதகளிக் குழு ஒன்று திருப்பூணித்துறையில் அமைந்தது 1975ஆம் ஆண்டில்தான். நம் தஞ்சை மாவட்டத்து மெலட்டூர்ப் பாகவத மேளாவிலும் ஆண்களே பெண் வேடம் புனைகின்றனர். இத்தனைக்கும் நடுவே, கோயிலுக்குள்ளே, விளக்கின் முன்னே, பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்கும் உரிமையைக் கூடியாட்டம் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வந்திருக்கிறது. இது சிறிய செய்தியன்று.

ஆனால் உரிமை வேறு, இடம் வேறு. நங்கியாருக்கு உரிமை இருந்தது. இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. நாடக நூல்களில் நாயகியர் பேசுகின்றனர், ஊடுகின்றனர், அழுகின்றனர். அரங்கிலோ நாயகி வரவேண்டிய பல இடங்களில், அவள் எதிரே இருப்பதாகப் பாவித்து ஆண் பாத்திரமே நடித்து முடிப்பது வழக்கமாயிற்று. விதூஷகனுடைய நகைச்சுவை உரை நாட்கணக்கில் வளர்ந்தது, இராவணனும் அனுமனும் பன்மடங்கு விரிந்தனர், சீதை வெற்றிடமாயினாள். நங்கியாரின் மூன்று பணிகளில் முதலிரண்டுமே நாள்தோறும் நிகழ்வனவாயின, மூன்றாவது அரிதாயிற்று.

இதற்குக் காரணம் என்னவென்று கேட்பவர்க்குப் பலர் பலவாறு விடை கூறுவர். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இக்கலையின் நடிப்பு முறைகளை எழுதி வைத்த ஓலைகள் பெரும்பாலும் சாக்கியார் இல்லங்களில் இருந்தன. எந்த இரவில் எதை விரிப்பது, எதைச் சுருக்குவது என்று முடிவு செய்தவரும் அவரே. ஓலை எவர் கையில் இருக்கிறதோ, அவருடைய பாத்திரம் வளர்வது இயல்பு. இது எவருடைய தீய நோக்கமும் அன்று. மரபுக்கலைகளில் பெண்ணின் இடம் பெரும்பாலும் இப்படித்தான் குறைந்திருக்கிறது. எவரும் அவளை வெளியேறு என்று சொல்வதில்லை. அவளுக்குரிய சுலோகம் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகிறது.

நங்கியாரின் வாழ்க்கை நிலையையும் ஒரு சொல் கூறவேண்டும். கேரள மரபு ஒரு கடுமையான கதையைச் சொல்கிறது. நம்பூதிரிக் குடும்பப் பெண் ஒருத்தி ஒழுக்கம் தவறினாள் என்று ஐயம் எழுந்தால், ஸ்மார்த்த விசாரம் என்னும் விசாரணை நடக்கும். குற்றம் நாட்டப்பெற்றால் அவள் விலக்கப்படுவாள். குற்றம் நிகழ்ந்ததாகக் கொள்ளப்பட்ட காலத்தில் அவளுக்குப் பிறந்த மக்களும் குலம் இழப்பர். அவர்களுள் பூணூல் அணிந்த ஆண்மகன் சாக்கியாரோடும், அணியாதவன் நம்பியாரோடும் சேர்வான் என்றும், பெண்மக்களும் இக்குடிகளிலேயே இடம் பெறுவர் என்றும் கூறுவர். எல்லாக் குடும்பங்களும் இவ்வாறு தோன்றின என்பதற்கில்லை. ஆயினும் இம்மரபுரை நிலைத்திருப்பதே ஓர் உண்மையைக் காட்டுகிறது. சமூகம் விலக்கியவர்களின் மக்களுக்குக் கோயில் அரங்கில் மதிப்புள்ள ஓர் இடம் கிடைத்தது. அம்மதிப்பின் அடியில் ஒரு தாயின் துயரம் புதைந்திருந்தது.

நம் தமிழகத்துத் தளிச்சேரிப் பெண்டுகளோடு நங்கியாரை ஒப்பிடுவோர் உண்டு. 1014ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கும் அளித்தான். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், வந்த ஊரும் கல்லில் வெட்டப்பட்டு இன்றும் நிற்கின்றன. நங்கியாருக்கு அத்தகைய கல்வெட்டு வரிசை வாய்க்கவில்லை. ஆனால் வேறொன்று வாய்த்தது. அவர்கள் இறைவனுக்கு மணம் செய்விக்கப்பட்டவர்கள் அல்லர். தாய்வழிக் குடும்பத்தில் பிறந்து, பெரும்பாலும் சாக்கியாரை மணந்து, தம் மக்களை நம்பியாராகவும் நங்கியாராகவும் வளர்த்தனர். ஆகவே தந்தை மேடையில் நடிப்பார். தாய் தாளம் இடுவார். மகன் மிழாவு முழக்குவான். மகள் தாயின் பின்னிருந்து கற்பாள். கூத்தம்பலத்து மேடை ஒரு குடும்பத்தின் முற்றம் போன்றது.

இவ்வேறுபாட்டின் விளைவை 20ஆம் நூற்றாண்டில் கண்டோம். சென்னை மாகாணத்தில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் எழுப்பிய குரல், 1947ஆம் ஆண்டுச் சட்டமாக முடிந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிந்தது. அது நீங்கவேண்டிய இழிவே. ஆனால் அதனோடு, பல தலைமுறையாகக் கலையைக் காத்த பெண்களின் கோயில் பணியும் போயிற்று. அவர்கள் ஆடிய சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் பிறருடைய மேடைகளில் புகழ் பெற்றது. நங்கியாரை அச்சட்டம் தீண்டவில்லை. தீண்டக் காரணமும் இல்லை. எனினும் அவர்களுடைய அரங்கும் வெறுமையாயிற்று. கோயில் நிலங்களின் வருவாயே கூத்துக்கு ஆதாரம். நிலவுடைமை முறை மாறி, 1970ஆம் ஆண்டில் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் அவ்வாதாரம் தளர்ந்தது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது நீதியே. ஆயினும் கூத்துக்கு அளந்த நெல் நின்றது. இளைஞர் வேறு தொழிலை நாடினர். சட்டம் ஒரு நாட்டில் செய்ததை, வறுமை மற்றொரு நாட்டில் ஓசையின்றிச் செய்தது.

இங்கே நங்கியார் கூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குலசேகர வர்மனின் ‘சுபத்திரா தனஞ்சயம்’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் கல்பலதிகை என்றொரு சேடி வருகின்றாள். நாடகத்தில் அவள் சிறிய பாத்திரம். ஆனால் அரங்கில் நுழையும் பாத்திரம் தன் முன்கதையை அபிநயித்துக் காட்டவேண்டும் அல்லவா? அந்த நிர்வஹணத்தில், கல்பலதிகை கண்ணன் பிறப்பு முதல் சுபத்திரை அருச்சுனன்மேல் காதல் கொண்டது வரையிலான கதை முழுவதையும் 217 சுலோகங்களைக் கொண்டு நடித்துக் காட்டுகின்றாள். இதற்கு ஸ்ரீகிருஷ்ண சரிதம் என்று பெயர். இதுவே தனிக் கலையாக வளர்ந்து நங்கியார் கூத்து ஆயிற்று. நாடகங்களின் நாயகியர் அரங்கை இழந்த அதே மரபில், பெயரளவே உள்ள ஒரு பணிப்பெண் கண்ணன் கதை முழுவதையும் தன்னந்தனியே ஆளும் உரிமையைப் பெற்றாள். மிழாவும் தாளமும் சுலோகமும் அவளுக்காக ஒலிக்கும். தலையில் செந்நிறப் பூக்களும் நாகபடமும் கொண்ட முடி, செந்நிற மேலாடை, உட்கார ஒரு பீடம். வேறு எதுவும் இல்லை.

இக்கூத்தில் பூதனை மோட்சம் என்னும் பகுதியை நான் பார்த்திருக்கிறேன். கம்சன் ஏவலால் பூதனை ஆயர்பாடிக்கு வருகின்றாள். நடிக்கும் பெண் அப்பொழுது அரக்கி. யசோதை இல்லாத வேளையில் தொட்டிலை நெருங்குகின்றாள். குழந்தையைப் பார்த்தவுடன் அவள் கண்கள் மாறுகின்றன. எடுக்கவேண்டும் என்னும் தாய்மையும், கொல்லவேண்டும் என்னும் ஆணையும் ஒரே முகத்தில் மாறிமாறி வருகின்றன. கொல்லாவிடில் கம்சன் தன்னைக் கொல்வான் என்று நினைக்கின்றாள். நஞ்சு தடவிய மார்பில் குழந்தையை அணைக்கின்றாள். பால் உண்ணும் குழந்தை உயிரையும் சேர்த்து உண்ண, வலியால் துடித்து வீழ்கின்றாள். ஒரு சொல்லும் பேசப்படவில்லை. விழியும் புருவமும் விரலும் அவ்வளவையும் கூறின. வீழ்ந்தவள் மறுகணம் எழுந்தபோது அவள் கல்பலதிகை. ஆண் நடிகர் எவரும் இதனைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது என்று அன்று எண்ணினேன்.

இக்கூத்தை எளிதாகக் கற்பிக்கவில்லை. எளிதாகக் காக்கவும் இல்லை. மரபுக் குடும்பங்களின் நங்கியாரம்மைகள் சிலர், கோயிலில் கிடைத்த சிறு ஊதியத்திற்குத் தம் முறையைத் தவறாமல் செய்து வந்ததனாலேயே இது பிழைத்தது. மாணி மாதவ சாக்கியாரின் துணைவியார் குஞ்ஞிமாளு நங்கியாரம்மா அவர்களுள் புகழ் பெற்றவர். அவர்களுடைய மகன் பி. கே. நாராயணன் நம்பியார், தாயின் கலைக்குரிய ஸ்ரீகிருஷ்ண சரித ஆட்டமுறையை நூலாக்கி வெளியிட்டார். மிழாவு முழக்கும் மகன் தாயின் கூத்துக்கு நூல் செய்தது நினைக்கத் தக்க செய்தி.

பின்னர்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1962ஆம் ஆண்டில் டாக்டர் வே. இராகவன் அவர்களின் முயற்சியால் மாணி மாதவ சாக்கியார் குழுவினர் சென்னைக்கு வந்து நடித்தனர். கேரளத்திற்கு வெளியே கூடியாட்டம் காணப்பெற்றது அதுவே முதன்முறை என்பர். 1965ஆம் ஆண்டில், வள்ளத்தோள் நிறுவிய கேரளக் கலாமண்டலத்தில் பைங்குளம் இராம சாக்கியார் தலைமையில் கூடியாட்டத் துறை தொடங்கப்பெற்றது. பிறப்பு எதுவாயினும் எவரும் கற்கலாம் என்னும் நிலை அங்கே ஏற்பட்டது. 1971ஆம் ஆண்டில் கிரிஜா என்னும் சிறுமி அங்கே சேர்ந்தார். நங்கியார் குடியில் பிறவாமல் இக்கலையை முறையாகக் கற்ற முதற்பெண் அவர். கலாமண்டலம் கிரிஜா என்று அவரை இன்று உலகம் அறியும். அவ்வழியே வந்த மார்கி சதி, பிற்காலத்தில் திருவனந்தபுரத்து மார்கி நிறுவனத்தில் இருந்து, இராமன் கதையைச் சீதையின் நோக்கில் நங்கியார் கூத்தாக அமைத்தார். அங்குலீயாங்கத்தில் நான் காணாத சீதை, அவருடைய கூத்தில் மேடையேறினாள். 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்தது இக்கலைக்குப் பேரிழப்பு. அம்மன்னூர் மாதவ சாக்கியாரிடம் கற்ற உஷா நங்கியாரோ, மண்டோதரி, திரௌபதி, அகலிகை போன்றோரை அரங்கிற்கு அழைத்து வந்தார். 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கூடியாட்டத்தை மானிட குலத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இன்று கூடியாட்டம் கற்போரில் பெண்கள் பலர். பொது அரங்குகளில் நங்கியார் கூத்து பெருமதிப்போடு நிகழ்கின்றது. இது மகிழ்ச்சிக்குரியது. எனினும் ஒரு கேள்வி தீரவில்லை. பழைய கோயில்கள் சிலவற்றின் கூத்தம்பலங்களில் ஆடும் உரிமை இன்னும் பரம்பரைக் குடும்பங்களுக்கே உரியது. கலாமண்டலத்தில் பல்லாண்டு பயின்ற பெண் உலகின் எந்நகரிலும் ஆடலாம். அக்கூத்தம்பலத்து விளக்கின் முன் ஆட இயலாது. பரம்பரையினர், “எவரும் நோக்காத காலத்தில் நாங்கள் பசியோடு காத்தோம், இன்று புகழ் வந்தபின் எல்லோர்க்கும் பொது என்கிறீர்களே” என்று கேட்கின்றனர். புதியவர், “கலையைக் காத்தவர் உரிமையோடு, கற்றவர் உரிமையும் உரிமையல்லவா” என்று கேட்கின்றனர். இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு.

என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. கலை கற்றவருக்கே உரியது என்று நான் எண்ணுகின்றேன். ஆனால் அவ்வாறு கதவைத் திறப்போர், நம் தமிழகத்தில் நேர்ந்த பிழையை மறத்தல் ஆகாது. இங்கே கலை புதிய வீட்டிற்குச் சென்றபோது, பழைய வீட்டுப் பெண்களின் பெயர்கள் வாயிலிலேயே விடப்பட்டன. கேரளத்தில் அது நிகழவேண்டிய கட்டாயம் இல்லை. நங்கியார் கூத்து என்னும் பெயரிலேயே நங்கியார் இருக்கின்றார்.

தொடக்கத்தில் கூறிய இரவுக்கு மீள்கின்றேன். கூத்து முடிந்து, பொழுது விடியும் வேளையில் அந்த மூதாட்டி குழித்தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்தார். நான் வணங்கி, “அம்மா, தாங்கள் நடித்ததுண்டா?” என்று கேட்டேன். நண்பர் மலையாளத்தில் விளக்கினார். சிறுமியாக இருந்தபோது தாயிடம் ஸ்ரீகிருஷ்ண சரிதத்தைக் கற்று அரங்கேறியதாகவும், பின்னர்ச் சில முறையே ஆட வாய்த்ததாகவும், அதன்பின் தாளம் மட்டுமே என்றும் அவர் கூறினார். மறந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. துணிமுடிச்சை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை மெல்ல விரித்தார். ஒரு தொட்டில் தெரிந்தது. அதில் ஒரு குழந்தை தெரிந்தது. புருவம் சற்றே உயர்ந்து தாழ்ந்தது. நான் பின்னாளில் மேடையில் கண்ட பூதனையை முதன்முதலில் கண்டது அந்தப் படிக்கட்டிலேதான். அவ்வளவில் நிறுத்தி, நேரமாயிற்று என்று சொல்லிக் குளக்கரை நோக்கி நடந்துவிட்டார்.

சிலப்பதிகாரத்துச் சாக்கையனின் உமைப்பாதி அசையாமல் நின்றது, அசைய இயலாமையால் அன்று. அசைவு முழுவதையும் அறிந்த உடலே அப்படி அசையாமல் நிற்க முடியும். எத்தனையோ இரவுகள் விளக்கின் அருகே அமர்ந்து தாளம் மட்டும் இட்ட நங்கியார்கள், கூத்து முழுவதையும் தம்முள்ளே அறிந்திருந்தனர். கூத்தம்பலத்திற்குச் செல்லும் நேயர்கள் நடிகரைப் பார்ப்பதோடு, மிழாவின் அருகிலும் ஒரு முறை கண் செலுத்தவேண்டும் என்று கேட்டு, இவ்வுரையை முடிக்கின்றேன்.